கரும்பு லோடு டிரெய்லர் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபி, சத்தி பக்கம் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் ஆலைக்குப் போகும் ரோடெல்லாம் டிராக்டர்தான். பருவத்துக்குப் பருவம் புதுப் பையன்கள் ஓட்ட வருகிறார்கள். நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை அப்படியே செய்கிறார்கள். டயரில் காற்றைப் பார், டீசலைப் பார் என்பதை எல்லோரும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

இறக்கத்தில் நியூட்ரல்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. வாய்க்கால் பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கும்போது கியரை எடுத்து நியூட்ரலில் விடுகிறார்கள். கேட்டால், "டீசல் மிச்சமாகுதுங்கண்ணா" என்கிறார்கள். மிச்சமே கிடையாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது; டீசல் பம்பில் உள்ள கவர்னர், அதாவது டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம், டீசலை ஏறக்குறைய நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் ஓட டீசல் வேண்டும்.

சரி, டீசல் போகட்டும். 45 எச்.பி. டிராக்டரின் எடை சுமார் 2 டன். பின்னால் வரும் கரும்பு அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றுக்குப் பிரேக்கே இல்லை. டிராக்டரிலும் பெரும்பாலும் பின் சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். இன்ஜின் பிடித்து வைத்திருந்த அத்தனை பாரமும், கியரை எடுத்த நொடியில் அந்த இரண்டு சக்கரத்தின் பொறுப்பாகிவிடுகிறது. வேகம் 20 கிலோமீட்டரிலிருந்து 40 ஆனால் வண்டியை நிறுத்தப் பிரேக் செய்ய வேண்டிய வேலை 4 மடங்கு. பயந்துபோய்த் திரும்பக் கியர் போடப் பார்ப்பார்கள். ஓடும்போதே கியர் சுலபமாக விழ உதவும் சின்க்ரோமெஷ் பல டிராக்டர் கியர்பாக்ஸ்களில் கிடையாது. கறகறவென்று கத்துமே தவிர, அந்த வேகத்தில் கியர் விழாது. கிளட்சை மிதித்தபடி இறங்குவதும் இதே ஆபத்துதான்.

ஒரு சாயங்காலம் என் கண்ணெதிரே நடந்தது. முன்னால் போன லோடு பாலத்து இறக்கத்தில் இறங்கும்போது இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. கியரை எடுத்துவிட்டான் என்று தெரிந்துவிட்டது. கீழே ஒரு வளைவு. அங்கே போய்ப் பிரேக்கை அழுத்தினான். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, டிராக்டர் ரோட்டுக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. கால் முறிந்ததோடு பையன் பிழைத்தான். எதிரே பைக்கில் வந்தவர் வயலுக்குள் இறக்கித் தப்பினார்.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே, மேலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும். கை ஆக்சிலேட்டரும் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதை மறந்துவிட்டு, காலை எடுத்தும் வண்டி ஓடுகிறதே என்கிறார்கள்.

பிரேக் பெடலைச் சேர்க்காமல் ரோட்டுக்கு வருவது

உழும்போது திருப்புவதற்காக இடது பெடலும் வலது பெடலும் தனித்தனியாக இருக்கும். ரோட்டில் ஏறும் முன் இரண்டையும் சேர்த்துக் கொண்டி போட வேண்டும். லோடோடு போகும்போது ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே இழுத்துத் திரும்பும்.

பின்னுக்குப் பதில் கம்பி

டிரெய்லரை டிராக்டரோடு மாட்டும் பின்னுக்குப் பதிலாகக் கடப்பாரைத் துண்டைச் சொருகிக்கொண்டு வருபவர்களை இன்னும் பார்க்கிறேன். சரியான அளவு பின், அது மேலே எகிறாமல் இருக்கப் பூட்டு, அப்புறம் ஒரு சங்கிலி. டிரெய்லரை மாட்டும் இடமான ஹிட்சும் தாழ்வாக இருக்க வேண்டும். பின் சக்கர அச்சுக்கு மேலே மாட்டி இழுத்தால் ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கும். டிராக்டர் பின்பக்கமாகவே கவிழலாம்.

பின்னால் பாரம்

இரண்டு சக்கர டிரெய்லரில் கரும்பைப் பின்பக்கமே அடுக்கினால் அதன் முன்முனை டிராக்டரை மேலே தூக்கும். பின் சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும், பிரேக்கும் அதோடு குறையும்.

மட்கார்டில் ஆள்

ஏற்றாதீர்கள்.

இரவில் ரோட்டோரம் நிறுத்துவது

தோகை தொங்கிப் பின் லைட்டையும் ரிஃப்ளெக்டரையும் மூடிவிடும். பைக்கில் வருபவருக்கு இருட்டில் லோடு இருப்பதே தெரியாது. ஏற்றி முடித்ததும் தொங்குவதை அரிவாளால் வெட்டிவிட்டு, பின்னால் போய் நின்று லைட் தெரிகிறதா என்று பாருங்கள். வண்டியை முழுவதும் ரோட்டை விட்டு இறக்கி நிறுத்த இடமில்லையென்றால், டீயை ஆலையில் போய்க் குடித்துக்கொள்ளலாம்.