லண்டன்–மிலான் விமானத்தில் குலுக்கல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் கிளம்பினால் மிலானுக்கு வானில் இருக்கும் நேரம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். 'இதுக்குள்ளே என்ன பெரிதாகக் குலுங்கிவிடப் போகிறது' என்று பெல்ட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சாய்ந்துகொள்கிறவர்கள் உண்டு. வழியில் ஆல்ப்ஸ் மலை இருக்கிறது என்று கேள்விப்பட்டதுமே முந்தின இரவு தூக்கம் கெடுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது ரகத்துக்கு முதலில் ஒரு ஆறுதல்: விமானத்தின் உடலும் இறக்கையும், பறக்கும்போது வரக்கூடியதாகக் கணக்கிட்ட அதிகபட்ச சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்கும்படி கட்டப்பட்டவை. இறக்கை நுனி மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். வளையத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

காயம் எப்படி வருகிறது என்பதற்கு 2024 மே 21 சம்பவமே போதும். லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் மேல் கடுமையாகக் குலுங்கியது. ஒரு பயணி இறந்தார், பலர் காயப்பட்டார்கள். விசாரணையின் முதல்கட்ட அறிக்கைப்படி, அந்த மோசமான நொடிகளில் விமானம் இறங்கிய உயரம் 178 அடி. எடுத்துக்கொண்ட நேரம் 4.6 விநாடி. விமானம் பத்திரமாக பாங்காக்கில் இறங்கியது. பெல்ட் போடாதவர்கள்தான் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டு, திரும்பக் கீழே விழுந்தார்கள். ஐரோப்பாவுக்குள் பறக்கும்போது நாம் சந்திக்கும் சாதாரணக் குலுக்கலில் உயரம் மாறுவது பெரும்பாலும் சில அடிகள், மிஞ்சினால் சில பத்து அடிகள். வயிற்றுக்கு மட்டும் அது ஆயிரம் அடி மாதிரி இருக்கும்.

ஆகவே பெரிய தவறு, பெல்ட் விளக்கு அணைந்ததும் 'க்ளிக்' என்று கழற்றுவது. விளக்கு அணைந்தால் எழுந்து நடக்கலாம், அவ்வளவே. இனி குலுங்காது என்று யாரும் உறுதி தரவில்லை. பைலட்டின் ரேடார் மழைத்துளியைக் காட்டும். மேகமே இல்லாத தெளிந்த காற்றில் வரும் குலுக்கலைக் காட்டாது. உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் இடுப்பில் தாழ்வாக, இறுக்கமாகப் போட்டிருங்கள். போர்வை போர்த்தினால் அதற்கு மேலே பெல்ட் தெரியட்டும், தூங்கும்போது உங்களை எழுப்ப மாட்டார்கள்.

அடுத்தது பாத்ரூம் போகும் நேரம். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் இந்தத் தடத்தில் முக்கியமானது. மிலானின் மல்பென்சா விமான நிலையம் ஆல்ப்ஸின் தெற்கு அடிவாரத்துக்கு அருகில் இருக்கிறது. அதனால் மலையைத் தாண்டும் கட்டத்தில்தான் விமானம் இறங்கத் தொடங்கும். வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ பலத்த காற்று அடிக்கும் நாளில், அந்தக் காற்று மலைமுகட்டைத் தாண்டியதும் மறுபக்கத்தில், அதாவது இத்தாலிப் பக்கத்தில், அலை அலையாக ஏறி இறங்கும். ஆல்ப்ஸிலேயே உயரமான மோன் பிளாங் சிகரமே சுமார் 4,800 மீட்டர்தான். ஆனால் அந்த அலை விமானம் பறக்கும் பத்து, பதினோரு கிலோமீட்டர் உயரம் வரைகூட எட்டும். 'இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கப் போகிறோம்' என்ற அறிவிப்பைக் கேட்டு எழுந்து வரிசையில் நிற்பவர்கள், சரியாக அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். கீழே பிரான்சின் சமவெளி தெரியும்போதே போய் வந்துவிடுங்கள். சூடான காபியையும் அப்போதே குடித்து முடிப்பது நல்லது.

எல்லா அதிர்வையும் காற்றின் கணக்கில் எழுதுவதும் தவறு. கிளம்பிச் சற்று நேரத்தில் இன்ஜின் சத்தம் சட்டென்று குறைந்து, கீழே போவது போல இருக்கும். பைலட் விசையைக் குறைத்திருக்கிறார். விமானம் மேலேதான் ஏறிக்கொண்டிருக்கிறது. இறங்கும்போது இறக்கை அருகே உட்கார்ந்தால், மேல்புறத்தில் சில தகடுகள் எழும்பி நிற்பதைப் பார்க்கலாம். அவை எழும்பியதும் தரை வழியாக ஒரு நடுக்கம் பாதத்துக்கு வரும், தகடுகள் படிந்ததும் நின்றுவிடும். வேகத்தையும் உயரத்தையும் குறைக்கும் வேலை அது.

டிக்கெட் எடுக்கும்போது கோடை, குளிர் இரண்டுக்கும் ஒரே கணக்குப் போடாதீர்கள். கோடையில் வெயில் ஏற ஏற ஆல்ப்ஸ் மீதும் வட இத்தாலியின் 'போ' ஆற்றுச் சமவெளி மீதும் இடிமேகம் திரளும், பிற்பகலில் அதிகம். காலை விமானம் கொஞ்சம் சாதுவாக இருக்கும். குளிர்காலக் குலுக்கலுக்கோ உயரத்தில் ஆறு போல வேகமாக ஓடும் 'ஜெட்' காற்றோட்டத்தின் ஓரங்கள் முக்கியக் காரணம். அதற்குக் காலை, மாலை வித்தியாசம் கிடையாது. கடைசி வரிசை இருக்கையைத் தவிருங்கள், இறக்கைக்கு நேரான வரிசையில் ஆட்டம் குறைவு.

குழந்தை விஷயத்தில் நடக்கும் தவறு எனக்கு மிகவும் கவலை தருவது. மடியில் வைத்திருக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, பெரியவரின் பெல்ட்டில் கோக்கும் தனிச் சின்ன பெல்ட் தருவார்கள். பிள்ளை சிணுங்குகிறது என்று அதைக் கழற்றிவிட்டு, தங்கள் பெல்ட்டையே இருவருக்கும் சேர்த்துச் சுற்றிக்கொள்கிறார்கள் சிலர். விமானம் உலுக்கினால் பெரியவரின் எடை முழுவதும் அந்தப் பிஞ்சு வயிற்றை பெல்ட்டோடு வைத்து நசுக்கும். வசதி இருந்தால் தனி இருக்கை எடுத்து, விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட குழந்தை இருக்கையைப் பொருத்துவதுதான் நல்லது. எந்த மாடலை ஏற்றுக்கொள்வார்கள் என்று டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.