டிக்கெட் எடுக்கும் முன் அடுத்த விமானம் எப்போது என்று கேளுங்கள்: ஊருக்குப் போகிறவர்களுக்கு

ஊருக்குப் போக டிக்கெட் தேடும்போது நாம் முதலில் பார்ப்பது விலை. அடுத்துப் பார்ப்பது எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பது. பயணிகள் குறைந்து விமான நிறுவனங்கள் கையைச் சுருக்கும் காலத்தில் இந்த இரண்டையும்விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: இந்த விமானம் ரத்தானால் அதே நிறுவனத்தின் அடுத்த விமானம் எப்போது? நாளைக்கா, மூன்று நாள் கழித்தா? இதற்குப் பதில் தெரியாமல் கலியாணத்துக்கோ, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக்கோ டிக்கெட் எடுக்காதீர்கள். நாளொன்றுக்கு இரண்டு தடவை பறக்கும் நிறுவனத்துக்கு ஐம்பது பவுண் கூடக் கொடுப்பது வீண்செலவு அல்ல. வாரத்துக்கு மூன்று தடவை பறக்கும் மலிவு டிக்கெட்டில் ஒரு விமானம் ரத்தானால், தாலி கட்டும் நேரத்தில் நீங்கள் வளைகுடாவில் எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள்.

விமான நிலையம் கட்டப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. ஒரு வழித்தடத்திலிருந்து விமானத்தை எடுத்துவிடச் சில வாரங்கள் போதும். அதனால்தான் நம் பக்கத்தில் எப்போதும் ஒன்று கூடியும் மற்றது குறைந்தும் இருக்கிறது. கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவைப் பாருங்கள். ஜப்பானியக் கடனுதவியில் அங்கே இரண்டாவது பயணிகள் முனையத்தின் வேலை தொடங்கியது 2020 நவம்பரில். கொரோனாவால் நாட்டின் கதவு வழக்கமான பயணிகளுக்கு மூடியிருந்த நேரம் அது. மறுபடி திறந்தது 2021 ஜனவரியில். 2018 இல் சுமார் 23 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021 இல் வந்தவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. பிறகு 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. முனைய வேலையும் நின்றது. 2024 இல் சுற்றுலாப் பயணிகள் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டினார்கள். கூட்டம் திரும்பிவிட்டது, புதுக் கட்டடம் வரவில்லை. ஆகவே திரும்பி வரும்போது விமானம் புறப்பட மூன்றரை மணி நேரத்துக்கு முன்பே வாசலில் நில்லுங்கள். பொதிகளை உள்ளே எடுத்துச் செல்லும் வாசலிலேயே ஒரு சோதனை உண்டு. அந்த வரிசையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதே 2022 இன் நடுப்பகுதியில் கட்டுநாயக்கவில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. நீண்டதூர விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. நேரடி விமானம் என்று நம்பி ஏறியவர்களுக்கு நடுவில் ஒரு நிறுத்தம். இறங்கிய இடத்தில் வேறு விமானம் பிடிக்க ஒன்றரை மணி நேரம் மட்டும் வைத்திருந்தவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

விமானங்களின் கதைக்கு வருவோம். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் தன் பழைய எயார்பஸ் ஏ340 விமானங்களை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு ஏ330 களுக்கு மாறியது. அடுத்து வரவிருந்த ஏ350 களுக்கான ஒப்பந்தத்தை 2016 இல் கைவிட்டது. அதே ஆண்டு பாரிஸ், பிராங்பேர்ட் சேவைகளும் நிறுத்தப்பட்டு, ஐரோப்பாவில் லண்டன் மட்டும் மிஞ்சியது. பாரிஸின் லா சப்பலிலிருந்து ஊருக்குப் போக நேரடி விமானம் வைத்திருந்தவர்கள் ஐந்து ஆண்டுகள் இடைமாறி இடைமாறித்தான் போனார்கள். பாரிஸ் சேவை 2021 இல் திரும்பியது. இப்படி ஒரு நிறுவனம் தன் விமானங்களை மாற்றும் செய்தி வந்தால், அது வணிகப் பக்கச் செய்தி என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் ஊருக்கான பாதை அதில் இருக்கக்கூடும்.

2020 இல் பிரிட்டிஷ் எயார்வேஸ் தன் போயிங் 747 விமானங்கள் அனைத்தையும் ஒரேயடியாக ஓய்வுக்கு அனுப்பியது. எயார் பிரான்ஸ் ஏ380 களைக் கைவிட்டது. பயணிகள் திரும்பி வந்தபோது அந்த இருக்கைகள் வரவில்லை. 2023 இல் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் விமான இயந்திரங்களில் கண்டுபிடிக்கப்பட்ட உலோகக் குறைபாட்டால் இண்டிகோ உட்படப் பல நிறுவனங்களின் விமானங்கள் தரையில் நின்றன. 2025 ஜூனில் எயார் இந்தியா தன் பெரிய விமானங்களில் இயக்கும் வெளிநாட்டுச் சேவைகளை 15 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. பயணிகள் குறைவது ஒரு காரணம். விமானம் கிடைக்காதது இன்னொன்று. பயணிக்கு இரண்டும் ஒன்றுதான்: வாரத்துக்கு ஏழு ஐந்தாகிறது, ஐந்து மூன்றாகிறது.

இந்த மாற்றங்கள் வருகிற நாட்களை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம் என்பது பலருக்குத் தெரியாது. உலக விமான அட்டவணை ஆண்டுக்கு இரண்டு பருவமாக ஓடுகிறது. கோடைப் பருவம் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு தொடங்கும். குளிர்காலப் பருவம் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு தொடங்கும். சேவையைக் குறைப்பது, சின்ன விமானத்துக்கு மாற்றுவது, வழித்தடத்தையே விடுவது எல்லாம் பெரும்பாலும் இந்த நாட்களை ஒட்டியே நடக்கின்றன. தைப்பொங்கலுக்கான டிக்கெட்டை முந்தைய மார்ச்சில் எடுத்தால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சென்ற ஆண்டின் அட்டவணையின் நகல்தான். செப்டம்பர் வாக்கில் அதைத் திருத்துவார்கள். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் பெப்ரவரியில் ஒருமுறை, பயணத்துக்கு ஆறு வாரம் இருக்க ஒருமுறை தங்கள் பதிவைத் திறந்து பார்க்க வேண்டும். நேரம், நாள், விமான இலக்கம், விமானத்தின் வகை என்ற நான்கையும் முதலில் எடுத்த பிரதியோடு ஒப்பிடுங்கள்.

விமான வகையை ஏன் பார்க்க வேண்டும்? முழங்கால் வலியுள்ள அம்மாவுக்காக, கழிப்பறைக்குப் பக்கத்தில் நடைபாதை ஓர இருக்கையைப் பணம் கட்டி எடுத்திருப்பீர்கள். இரண்டு நடைபாதை உள்ள விமானத்துக்குப் பதிலாக ஒரு நடைபாதை விமானம் வந்தால் அந்த இருக்கை இலக்கமே புது விமானத்தில் இல்லாமல் போகலாம். கணினி அவரை எங்காவது நடு இருக்கையில் போட்டுவிடும். குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் அப்படியே மாறும். சக்கர நாற்காலிக் கோரிக்கையும் சைவ உணவுக் கோரிக்கையும் புதிய விமானத்துக்குச் சரியாகக் கடந்து வந்திருக்கின்றனவா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். இதில் கூச்சப்பட வேண்டாம். எழுபது வயதுப் பெண் ஒருவர் தோகாவில் ஒரு கிலோமீட்டர் நடந்துவிட்டு அடுத்த விமானத்தில் நடு இருக்கையில் ஐந்து மணி நேரம் உட்காருவது சின்ன விஷயம் அல்ல.

முகவரிடம் டிக்கெட் எடுப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் டொரொன்டோ ஸ்கார்பரோவிலும் நம்மவர்களின் பயண முகவர்கள் பல குடும்பங்களுக்குப் பெரும் உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் பதிவில் தம் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் மட்டும் போட்டுவிடும் முகவர்கள் இருக்கிறார்கள். நிறுவனம் நேரத்தை மாற்றினால் செய்தி அவர்களுக்குப் போகும், உங்களுக்கு வராது. ஞாயிறு இரவு கடை பூட்டியிருந்தால் அவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலிருந்து உங்களை ஏற்ற வரும் வான் வண்டி முந்தின இரவே கிளம்பி, புத்தளம் வழியாக ஏழெட்டு மணி நேரம் ஓடிக் கட்டுநாயக்கவில் வந்து நிற்கும்; நீங்கள் மறுநாள் இறங்குவீர்கள். ஆறு எழுத்துப் பதிவு இலக்கத்தை முகவரிடம் கேட்டு வாங்குங்கள். விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே உள்ளே போய் உங்கள் மின்னஞ்சலைச் சேர்த்துவிடுங்கள். வான்காரருக்கு விமான இலக்கத்தையும் அனுப்பிவையுங்கள்.

தமிழ்நாட்டு வழியாகப் போகிறவர்களுக்கு நல்ல செய்தி நிறைய உண்டு. சென்னையின் புதிய ஒருங்கிணைந்த முனையம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வெளிநாட்டுச் சேவைகள் இப்போது அந்த டி2 முனையத்தில். உள்நாட்டுச் சேவைகள் டி1, டி4 என்று பிரிந்திருக்கின்றன. மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ மாறுகிறவர்கள் தங்கள் அடுத்த விமானம் எதிலிருந்து என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். திருச்சியின் புதிய முனையம் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. டெல்டா மாவட்டத்தாருக்குச் சென்னையில் இறங்கி ஆறு மணி நேரம் காரில் போவதைவிடச் சிங்கப்பூர் அல்லது கொழும்பு வழியாகத் திருச்சியில் இறங்குவது எவ்வளவோ மேல். தூத்துக்குடியில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தது. அதுவரை ஏ.டி.ஆர் போன்ற சின்ன விமானங்களே இறங்கிய இடம் அது. ஓடுபாதை நீளாமல் முனையத்தை மட்டும் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் பெரிய விமானம் வராது.

யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலியின் நிலை அதுதான். யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17 அன்று திறந்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். சில மாதங்களில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் சேவை நின்றது. மறுபடி சென்னையிலிருந்து விமானம் வர 2022 டிசம்பர் ஆகிவிட்டது. அதற்குள் மற்ற இடங்களில் விமானங்கள் பறக்கத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. ஒரே நிறுவனம், ஒரே சின்ன விமானம் என்று இருந்தால் அப்படித்தான் நடக்கும். 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது, 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும். இந்த வழியை நாம் பயன்படுத்த வேண்டும் என்பதே என் விருப்பம். ஆள் ஏறாவிட்டால் அடுத்த சரிவில் முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

ஆனால் ஆயத்தத்தோடு போங்கள். ஏ.டி.ஆர் விமானத்தில் எழுபது, எண்பது பேருக்குள்தான் ஏறலாம். வால் பக்கக் கதவின் படிகளில் ஏறி உள்ளே போனால், தலைக்கு மேலே பை வைக்கும் தட்டு மிகச் சிறியது. பெரிய விமானத்தில் கைப்பொதியாகக் கொண்டுவந்த சக்கரப்பெட்டி அதற்குள் போகாது. நகை, மருந்து, பத்திரம் எல்லாவற்றையும் தோளில் மாட்டும் சிறு பையில் வையுங்கள், பெட்டியை வாசலில் வாங்கிக்கொள்வார்கள். ஏற்றும் எடை அளவும் நீண்டதூர டிக்கெட்டின் அளவாக இருக்காது. லண்டன்–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–பலாலி இன்னொன்று என்று தனித்தனியாக எடுத்தால், சென்னையில் குடிவரவு கடந்து பொதியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு இந்திய விசா கையில் இருக்க வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது டிக்கெட் போனதுதான், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இடையில் ஓர் இரவு சென்னையில் தங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பலாலி விமானம் ரத்தானால் அடுத்த வழி சென்னை–கொழும்பு. அதில் நாள்தோறும் பல விமானங்கள் உண்டு. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே மழைக்காலம் என்று நிறுத்தப்பட்டது; 2024 ஆகஸ்டில்தான் திரும்பியது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அதை நம்ப வேண்டாம்.

பணம் திரும்பக் கேட்கும் உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். பிரித்தானியாவிலிருந்தோ ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தோ சுவிஸ், நோர்வேயிலிருந்தோ புறப்படும் பயணத்துக்கு எந்த நாட்டு நிறுவனமானாலும் அந்த நாடுகளின் விதி பொருந்தும். திரும்பி வரும் பயணத்துக்கு ஐரோப்பிய அல்லது பிரித்தானிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். கட்டார் எயார்வேஸில் போகும்போது உங்களுக்கு இருக்கும் உரிமை கொழும்பிலிருந்து திரும்பும்போது இல்லை. புறப்பட 14 நாளுக்குள் ரத்துச் செய்தால், நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம் இல்லாதபட்சத்தில், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு இழப்பீடு 600 யூரோ அல்லது 520 பவுண் வரை. இழப்பீடு கிடைக்காத நேரத்திலும் முழுப்பணமா, மாற்று விமானமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. வவுச்சர் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. கனடாவின் விதி போகும் விமானத்துக்கும் வரும் விமானத்துக்கும் பொருந்துகிறது. பிரித்தானியாவில் இருப்பவர்கள் 100 பவுணுக்கு மேற்பட்ட டிக்கெட்டை நிறுவனத்திடம் நேரடியாகக் கடன் அட்டையில் வாங்கினால், நிறுவனமே மூழ்கினாலும் வங்கியிடம் பணம் கேட்கலாம். 2019 ஏப்ரலில் ஜெட் எயார்வேஸ் நின்றபோதும் 2023 மேயில் கோ பர்ஸ்ட் நின்றபோதும், பறக்காத டிக்கெட்டோடு பலர் நின்றார்கள்.

பொதி வராவிட்டால், வெளியே மாமாவும் மச்சானும் கையசைத்துக் கூப்பிட்டாலும், சுங்க வாசலைத் தாண்டும் முன்பே முறைப்பாட்டுப் படிவம் எழுதி அதன் பிரதியை வாங்குங்கள். சேதமான பொதிக்கு 7 நாளுக்குள்ளும் பிந்தி வந்த பொதிக்கு, அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். பொதியில் ஒட்டும் சீட்டின் துண்டையும் போர்டிங் பாஸையும் வீடு திரும்பும் வரை எறிய வேண்டாம்.