மரத்தில் கம்பி கட்டியிருக்கிறதா? முதலில் அதைக் கழற்றுங்கள்

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலி ஓரமாக நடந்தால் எங்காவது ஒரு சில்வர் ஓக் இப்படிக் கண்ணில் படும்: எப்போதோ கட்டிய முள்கம்பி பட்டைக்குள் பாதி புதைந்திருக்கும், கம்பிக்கு மேலே மரம் உதடு மாதிரி பிதுங்கியிருக்கும், கீழே ஒடுங்கிக் கிடக்கும்.

இலையில் தயாராகும் சர்க்கரை, பட்டையின் உட்பக்கம் உள்ள புளோயம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கம்பி நெரித்த இடத்தில் அது தேங்கிவிடுகிறது, அதுதான் அந்த வீக்கம். தண்ணீர் மேலே ஏறுவது அதற்கும் உள்ளே, கட்டையில் இருக்கும் சைலத்தில். அதனால் பட்டை நெரிபட்ட பிறகும் இலை பல நாள் பச்சையாகவே நிற்கும், நாமும் மரம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் கீழே வேர் பட்டினி கிடக்கும்.

கம்பி வெளியே தெரிந்தால் கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள், ஒரே இழுப்பாக இழுத்தால் பட்டையும் சேர்ந்து வரும். மரம் விழுங்கிய பகுதியைத் தோண்ட வேண்டாம், தெரிகிற இடத்தில் நறுக்கிவிட்டால் போதும். பட்டை உரிந்திருந்தால் தொங்குகிற பிசிறை மட்டும் கூர்மையான கத்தியால் சீவிவிடுங்கள். தார், சிமெண்ட், பெயிண்ட் எதுவும் பூசாதீர்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்று ஒரு மெல்லிய உயிர்ப் படலம் இருக்கிறது, காயத்தின் ஓரத்திலிருந்து அதுவே வளர்ந்து மூடும். மிளகுக் கொடியை ஏற்றிக் கட்டுகிறவர்கள் நைலான் கயிற்றை விட்டு வாழை நாரைப் பயன்படுத்தினால் அது தானே மக்கி விழுந்துவிடும்.

தென்னை, பாக்கு கதை வேறு. அவற்றில் இந்தக் கேம்பியமே கிடையாது, தண்ணீர்க் குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஏறுவதற்காக ஒரு தடவை படி கொத்தினால் அந்தக் காயம் மரம் உள்ளவரை ஆறாது. தயவுசெய்து கொத்தாதீர்கள்.

அப்புறம், சேலம் பக்கம் பழைய புளியமரத்தில் பொந்து விழுந்தாலே வெட்டச் சொல்லிவிடுகிறார்கள். நடுவில் இருப்பது வைரக்கட்டை, தண்ணீர் கடத்துவதை எப்போதோ நிறுத்திய பகுதி. ஏற்றுகிற வேலை வெளிச்சுற்றிலுள்ள சாற்றுக்கட்டையுடையது. உள்ளே காலியான ஜிஐ பைப் பந்தலைத் தாங்கவில்லையா? சுற்றுச்சுவர் தடிமனாக, கெட்டியாக இருந்தால் மரமும் நிற்கும். அடியில் காளான் முளைத்திருந்தாலோ, மரம் புதிதாகச் சாய்ந்து வேர்ப்பக்க மண் தூக்கியிருந்தாலோ தாமதிக்காமல் விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

புதிதாக நடும் கன்றுக்கு முட்டுக்கொம்பு ஊன்றினால் கயிற்றைத் தாழ்வாகவும் தளர்வாகவும் கட்டுங்கள். மலைக்காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பருக்கும். வேர் பிடித்ததும், அதிகம் போனால் ஒரு வருடத்தில், கொம்பைப் பிடுங்கிவிடுங்கள்.