பழைய மோட்டார் சைக்கிள் சீட்டில் ஸ்டென்சில் எழுத்து பதிக்கும் முறை

பல பழைய மோட்டார் சைக்கிள்களில் சீட்டின் பின்பக்கத்தில் கம்பெனிப் பெயர் தங்க நிறத்திலோ வெள்ளையிலோ பதிந்திருக்கும். கவர் மாற்றும்போது முதலில் காணாமல் போவது அதுதான். புதுக் கவர் எவ்வளவு அழகாகத் தைக்கப்பட்டிருந்தாலும், அந்த எழுத்து இல்லாவிட்டால் வண்டியின் பின்புறம் மொட்டையாகத் தெரியும். ஸ்டென்சில் வைத்து அதை வீட்டிலேயே மீட்டுவிடலாம். ஆனால் டேங்குக்குப் பெயின்ட் அடிக்கும் அதே பழக்கத்தோடு சீட்டில் கை வைக்கக் கூடாது. டேங்க் இரும்பு, அசையாது. ரெக்சின் ஒவ்வொரு முறை ஆள் உட்காரும்போதும் இழுபட்டுச் சுருங்கும். பெயின்ட்டும் அதோடு சேர்ந்து இழுபட வேண்டும். அதற்கு அது மெல்லியதாக இருக்க வேண்டும்.

எந்தப் பெயின்ட்?

சாதாரண எனாமல் வேண்டவே வேண்டாம். ரெக்சினின் மேல்தோல் பி.வி.சி. அது மெத்தென்று இருக்கக் காரணம் உள்ளே கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருள். அது காலப்போக்கில் மேல்பரப்புக்குக் கசிந்து வரும். எனாமலுக்குள் புகுந்துவிட்டால் எழுத்து வாரக்கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும், தூசியெல்லாம் அதில் ஒட்டும். அப்படி ஆகாமல் காய்ந்தாலும் கெட்டியாகக் காய்ந்து, நாலு முறை உட்கார்ந்து எழுந்ததும் மயிரிழை விரிசல் விடும்.

சரியாக வருபவை இரண்டு வகை. முதலாவது, வினைல் (பி.வி.சி.) பரப்புக்கென்றே தயாராகும் சால்வென்ட் (கரைப்பான்) ஸ்ப்ரே. இது மேல்தோலை லேசாக இளக்கி அதோடு பிடித்துக்கொள்வதால் நீண்ட நாள் நிற்கும். இதைத் தவறாக அடித்துவிட்டால் துடைத்து எடுப்பது கடினம். இரண்டாவது, தோல் பொருள்களுக்கான அக்ரிலிக் பெயின்ட். தண்ணீரில் கரையும், காய்ந்தபின் வளைந்து கொடுக்கும், ஸ்பாஞ்ச்சால் ஒற்றலாம், ஈரமாக இருக்கும்போது தவறைத் திருத்தலாம். முதல் முறை செய்பவர்களுக்கு இரண்டாவதே நல்லது. துணியில் அச்சடிக்கும் பிளாஸ்டிசால் மையை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். அது கெட்டிப்பட ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கவரும் ஃபோமும் பாழாகும்.

தங்க நிறம் வாங்கும்போது மைக்கா கலந்ததா, வெண்கலப் பொடி கலந்ததா என்று லேபிளைப் பாருங்கள். வெண்கலப் பொடி காற்றுப்பட்டு நாளடைவில் கறுக்கும், சில சமயம் பச்சை பூக்கும். கறுப்பு ரெக்சின் மேல் வெள்ளையோ மஞ்சளோ நேராக அடித்தால் அடியிலிருக்கும் கறுப்பை மறைக்க ஐந்தாறு கோட் தேவைப்படும். தடிமன் ஏறிவிடும். முதலில் ஒரு மெல்லிய கோட் வெள்ளி நிறம் அடித்துவிட்டால் அதன்மேல் இரண்டு, மூன்று கோட்டிலேயே நிறம் நிறைந்துவிடும்.

கவரை மாட்டிய பிறகே எழுத்து

கவரைத் தனியாக மேசையில் விரித்து எழுதுவது சுலபம்தான். ஆனால் ஃபோம் மேல் இழுத்து ஸ்டேப்ளர் பின் அடிக்கும்போது ரெக்சின் எந்தப் பக்கம் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நேர்க்கோட்டில் எழுதிய பெயர் வில்லாக வளையும், ஓர் எழுத்து மட்டும் அகன்று நிற்கும். கவரை முழுதாக இழுத்து மாட்டி, ஒரு நாள் அப்படியே விட்டு, சுருக்கமெல்லாம் படிந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பழைய கவரையே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் புதுப்பிப்பதானால், விரலால் அழுத்திப் பாருங்கள். மொறமொறவென்று கெட்டியாகிவிட்ட ரெக்சின், மடிப்பில் வெடிப்பு விட்ட ரெக்சின் இரண்டிலும் எந்தப் பெயின்ட்டும் தங்காது. அடியிலிருக்கும் வெடிப்பு அப்படியே மேலே ஏறிவரும்.

எழுத்தின் அளவும் அச்சும்

கணினியில் கிடைக்கும் ‘கிட்டத்தட்ட அதே மாதிரி’ எழுத்துருவை நம்பாதீர்கள். தெரிந்தவர் கண்ணுக்கு முதல் பார்வையிலேயே பிடிபடும். பழைய கவர் கையில் இருந்தால் அதுதான் பொக்கிஷம், எறிந்துவிட வேண்டாம். எழுத்து மங்கிப்போயிருந்தாலும் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் மை இருந்த இடம் பளபளப்பு மாறித் தெரியும். அதன்மேல் டிரேசிங் தாள் வைத்து விளிம்பை வரையுங்கள். கவரைக் கழற்றுவதற்கு முன்பே வரைந்துவிடுவது உத்தமம். கூடவே மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: எழுத்தின் உயரம், பெயரின் மொத்த நீளம், பீடிங் (சீட்டின் ஓரத்தில் தைத்திருக்கும் பட்டி) விளிம்பிலிருந்து எழுத்தின் அடிக்கோடு வரை உள்ள தூரம். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். எழுத்து அச்சு அசலாக இருந்தும் 8 மி.மீ. மேலே ஏறி நின்றால் முழு சீட்டும் ஏதோ போலியாகத் தோன்றும்.

பழைய கவர் இல்லாவிட்டால், அதே மாடலின் அசல் சீட்டை அளவுகோல் சேர்த்து வைத்து நேர் எதிரே நின்று எடுத்த படம் வேண்டும். கோணலாக எடுத்த படத்தில் எழுத்தின் அகலம் குறைந்துவிடும்.

ஸ்டென்சில் வெட்டுவது

ஒட்டும் தன்மை குறைந்த ஸ்டென்சில் ஃபிலிம்தான் சிறந்தது. விளம்பரப் பலகைக்கான நிரந்தர ஸ்டிக்கர் ஷீட்டைப் பயன்படுத்தினால் உரிக்கும்போது பசை ரெக்சினில் தங்கும். அந்தப் பசையை எடுக்கப் போட்ட கரைப்பான் எழுத்தையும் கரைக்கும்.

கட்டிங் மெஷின் இருந்தால் வேலை எளிது. கையால் வெட்டுவதானால் முனை மழுங்காத புது பிளேடு, அடியில் கட்டிங் மேட். வளைவுகளில் கத்தியைத் திருப்பாமல் ஷீட்டைத் திருப்புங்கள். மூலைகளில் வெட்டு மூலையிலிருந்து தொடங்கி வெளியே போக வேண்டும், மூலையை நோக்கி வந்து முடியக் கூடாது. இல்லாவிட்டால் வெட்டு எல்லை தாண்டி ஓடும், அந்தக் கீறல் வழியே பெயின்ட் கசியும். எழுத்துக்குள் மூடிய வட்டம் வந்தால் அந்த உள்வட்டத் துண்டைத் தொலைக்காமல் டிரான்ஸ்பர் டேப்பில் (வெட்டிய துண்டுகளை இடம் மாறாமல் தூக்கி ஒட்டும் டேப்) மற்றவற்றோடு சேர்த்தே எடுங்கள். உள்துண்டு விழாமல் பிடிக்கச் சிறு இணைப்பு (பாலம்) விட்டு வெட்டும் அட்டை ஸ்டென்சில் இங்கே ஒத்துவராது. பாலம் விட்ட இடைவெளி அசலில் கிடையாது.

சுத்தம்

எழுத்து உரிந்துவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான் இருக்கும். புது ரெக்சினில் தயாரிப்பின்போது தங்கிய மெழுகுப் படலம் இருக்கும். பழையதில் சீட் பாலிஷ் போட்ட சிலிக்கான். இரண்டும் கண்ணுக்குத் தெரியாது.

முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் ரெக்சினின் வரிகளுக்குள் போகும்படி தேயுங்கள். துடைத்து முழுதாகக் காயவிடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கம். துணியில் அழுக்கு வராதவரை தொடருங்கள். அசிட்டோனும் வீரியமான தின்னரும் மேல்தோலையே இளக்கிப் பளபளப்பைக் கெடுத்துவிடும், அவற்றைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். சுத்தம் செய்த இடத்தை வெறும் விரலால் தொடக் கூடாது, கையுறை போடுங்கள். முன்பு பாலிஷ் போட்ட சீட் என்று தெரிந்தால் இந்தச் சுற்றை இரண்டு முறை செய்யுங்கள்.

சீட்டுக்கு அடியில் மடித்து அடித்த ஓரத்தில் இதே சுத்தம் செய்து ஒரு சின்னக் கோடு பெயின்ட் போட்டு, மறுநாள் மாஸ்கிங் டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால் எழுத்திலும் அதுதான் நடக்கும்.

ஒட்டுவதும் மறைப்பதும்

மையக் கோட்டை இரண்டு பக்கத் தையலிலிருந்தும் அளந்து, மெல்லிய மாஸ்கிங் டேப்பால் குறியுங்கள். பிறகு சீட்டை வண்டியில் பொருத்தி இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். தையல் சில மி.மீ. கோணலாக இருப்பது சகஜம். மட்கார்டோடு எழுத்து நேராகத் தெரிகிறதா என்பதே கணக்கு. டேப் அளவும் கண்ணும் முரண்பட்டால் கண் சொல்வதைக் கேளுங்கள்.

சீட்டின் பின்பக்கம் இரண்டு திசையிலும் வளைந்திருந்தால் ஃபிலிம் சுருங்கும். வெளி ஓரத்திலிருந்து எழுத்துகளை நோக்கி, எழுத்தைத் தொடாமல் 10 மி.மீ. முன்பே நிற்கும்படி சில வெட்டுகள் கொடுங்கள். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, நடுவிலிருந்து வெளியே அழுத்தி ஒட்டுங்கள். எழுத்தின் விளிம்புகளை நகத்தால் வரிக்கு வரி அழுத்துங்கள். மீதி சீட்டைப் பழுப்புத் தாளால் மூடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், சால்வென்ட் பட்டால் அதன் மை ரெக்சினில் இறங்கும்.

பெயின்ட்

ரெக்சினின் வரிகள் வழியே ஃபிலிமுக்கு அடியில் பெயின்ட் கசிவதுதான் இந்த வேலையின் பெரிய தலைவலி. அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. எழுத்தின் நிறத்துக்கு முன்னால், சீட்டின் நிறத்திலேயே (கறுப்பு சீட்டென்றால் மங்கல் கறுப்பு) ஒரு மெல்லிய கோட் கொடுங்கள். கசிய வேண்டியது கறுப்பாகவே கசிந்து, இடுக்கை அடைத்துவிடும். அது கறுப்பின் மேல் கறுப்பு, யாருக்கும் தெரியாது. அது காய்ந்த பிறகு வரும் தங்கமோ வெள்ளையோ கத்தி போல விளிம்பு விடும்.

ஸ்ப்ரே என்றால் 20 முதல் 25 செ.மீ. தூரம், நேர் எதிரே. முதல் கோட் தூவல் போல, அடியிலிருப்பது தெரியும் அளவுக்கு. 10 நிமிட இடைவெளியில் மூன்று, நான்கு கோட். ஸ்பாஞ்ச் என்றால் நெருக்கமான ஃபோம் துண்டைத் தொட்டு, முதலில் தாளில் ஒற்றி ஏறக்குறைய வறண்ட நிலைக்குக் கொண்டுவந்து, நேர் மேலிருந்து தட்டுங்கள். இழுத்தால் விளிம்புக்கு அடியில் தள்ளிவிடும். மழைநாளில் சால்வென்ட் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ஈரப்பதம் உள்ளே சிக்கி எழுத்தின் மேல் வெள்ளைப் புகை படிந்தது போலாகும். அறை 20 முதல் 27 டிகிரி இருந்தால் போதும். ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் அணியுங்கள். துணி மாஸ்க் சால்வென்ட் ஆவியைத் தடுக்காது.

அக்ரிலிக் எழுத்துக்கு மேலே ஒரு மெல்லிய கோட் மங்கலான ஃபினிஷர் (காப்புப் பூச்சு) கொடுப்பதானால் ஸ்டென்சில் இருக்கும்போதே கொடுங்கள். அது எழுத்தின் மேல் மட்டும் நிற்கும். தண்ணீர்ப் பெயின்ட் மேல் சால்வென்ட் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்தால் எழுத்து சுருண்டு எழும்பலாம்.

உரிப்பதும் திருத்துவதும்

கடைசிக் கோட் கையில் ஒட்டாத நிலைக்கு வந்ததும், முழுக்க இறுகும் முன்பே ஃபிலிமை உரியுங்கள். மறுநாள் வரை விட்டால் பெயின்ட்டும் ஃபிலிமும் ஒரே தோலாகி விளிம்பு பிய்ந்து வரும். மேல்நோக்கித் தூக்காமல், ஃபிலிமை அதன் மேலேயே மடித்து, பரப்பை ஒட்டி மெதுவாக இழுங்கள். உள்வட்டத் துண்டுகளை ஊசி முனையால் கடைசியில் எடுங்கள்.

- சின்னக் கசிவு: ஈரம் இருக்கும்போதே ஈர்க்குச்சி முனையில் ஆல்கஹால் தொட்டு ஒதுக்குங்கள். காய்ந்துவிட்டால் சீட்டின் நிறத்தைச் சிறு பிரஷ்ஷால் மேலே இட்டு மறையுங்கள், சுரண்ட வேண்டாம்.
- பெயின்ட் விலகி வட்ட வட்டக் குழிகள்: சிலிக்கான் மிச்சம். மேலே அடித்துக்கொண்டே போனால் சரியாகாது. துடைத்துவிட்டுச் சுத்தத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.
- விளிம்பு மேடாக நிற்பது: கோட் தடித்துவிட்டது. விரிசல் முதலில் அங்கேதான் வரும்.

24 மணி நேரத்தில் தொடலாம். உட்கார மூன்று நாள் பொறுங்கள். இரண்டு வாரம் பாலிஷ், பெட்ரோல் துணி, வெயிலில் மூடி வைக்கும் பிளாஸ்டிக் உறை எதுவும் படக் கூடாது. அதன்பிறகும் சிலிக்கான் பாலிஷை எழுத்தைச் சுற்றி மட்டும் போடுங்கள். வெட்டிய வடிவத்தை அளவுகளோடு ஒரு தாளில் வரைந்து சீட் அடிப்பலகையின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அடுத்த கவர் மாற்றும்போது டிரேசிங் வேலை மிச்சம்.