டெர்மினலில் எழுத்துப்பிழை பார்ப்பது எப்படி? ஆஸ்பெல் முதல் பாடம்

வெறும் உரைக் கோப்பில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வேர்டிலோ லிப்ரெ ஆபிஸிலோ தப்பான சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு நெளியும். சாதாரண எடிட்டரில் பல நேரம் அது இருக்காது. அனுப்பி முடித்த பிறகுதான் பிழை கண்ணில் படும். இதற்காகத் தனி மென்பொருளைத் திறக்க வேண்டாம், கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் டெர்மினல் திரையிலேயே முடித்துக்கொள்ளலாம். அதற்கான கருவி ஆஸ்பெல். கெவின் அட்கின்சன் எழுதியது, இலவசம், இணைய இணைப்பும் தேவையில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளைக் கீழே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில், நான் வேறு விதமாகச் சொல்லாத வரை சின்ன எழுத்திலேயே அடிக்க வேண்டும். ஆஸ்பெல் என்பதன் கடைசியில் இரண்டு எல் வரும், அங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் நிறுவுவோம். உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகள், விண்டோஸுக்குள் ஓடும் உபுண்டு எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான்:

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆஸ்பெல் ஆஸ்பெல்-இஎன்

இரண்டாவதாக இருப்பது ஆங்கில அகராதி. மேக் வைத்திருப்பவர்கள் ஹோம்ப்ரூ என்ற மென்பொருள் நிறுவும் கருவி மூலம் நிறுவலாம். முடிந்ததும் 'ஆஸ்பெல் டிக்ட்ஸ்' என்று அடித்தால் கைவசம் உள்ள அகராதிகளின் பட்டியல் வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் அகராதி ஏறவில்லை என்று பொருள்.

சரி, சோதிக்க ஒரு கோப்பு வேண்டும். 'கடிதம்' என்ற பெயரில் ஒன்றை உருவாக்கி (லினக்ஸில் கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்), நாலைந்து ஆங்கில வரிகளை எழுதுங்கள். வேண்டுமென்றே பிழை விடுங்கள். ரிசீவ் என்பதில் இ, ஐ இரண்டையும் இடம் மாற்றுங்கள், செபரேட் என்பதில் நடுவில் உள்ள ஏ-வை இ ஆக்குங்கள். பிறகு:

ஆஸ்பெல் --லாங்=இஎன்_ஜிபி லிஸ்ட் < கடிதம்

ஜிபி மட்டும் பெரிய எழுத்து. பிரிட்டிஷ் எழுத்துமுறை வேண்டும் என்று அது சொல்கிறது. அமெரிக்க முறை வேண்டுமென்றால் ஜிபிக்குப் பதில் யூஎஸ். மொழியைச் சொல்லாமல் விட்டால் கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து அதுவே ஒன்றை எடுத்துக்கொள்ளும், அதனால் எப்போதும் சொல்லிவிடுவதே நல்லது.

அகராதியில் இல்லாத சொற்கள் வரிசையாகத் திரையில் வரும். கோப்பில் ஒரு எழுத்துகூட மாறாது. பெரும்பாலான வழிகாட்டிகள் நேரே திருத்தும் முறைக்குப் போய்விடும். நான் லிஸ்ட்டிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன், எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே சொல் பத்து முறை வந்து எரிச்சலூட்டினால் வரியின் கடைசியில் இதைச் சேருங்கள்:

| சார்ட் -யூ

அகர வரிசையில், ஒரு சொல் ஒரு முறை மட்டும் வரும். 1975இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு எழுதிய முதல் ஸ்பெல் நிரலும் இதே வழிதான்: சொற்களைப் பிரி, வரிசைப்படுத்து, அகராதியோடு ஒப்பிடு, மிஞ்சியதை அச்சிடு.

லிஸ்ட் வரி எண் சொல்லாது. சொல் எங்கே இருக்கிறது என்று பார்க்க, 'கிரெப் -என்' என்று அடித்து அந்தச் சொல்லையும் கோப்பின் பெயரையும் கொடுங்கள்.

இனித் திருத்தம்:

ஆஸ்பெல் --லாங்=இஎன்_ஜிபி செக் கடிதம்

திரை இரண்டாகப் பிரியும். மேலே பிழையான சொல் தனித்துத் தெரியும், கீழே எண்ணிட்ட பரிந்துரைகள். சரியானதன் எண்ணை அழுத்தினால் மாறிவிடும். பரிந்துரை எதுவும் சரியில்லை என்றால் ஆர் அழுத்தி நீங்களே அடிக்கலாம். சின்ன ஐ அந்த ஓர் இடத்தை மட்டும் விட்டுவிடும், பெரிய ஐ கோப்பு முழுக்க அந்தச் சொல்லைக் கண்டுகொள்ளாது. ஊர்ப் பெயர், ஆள் பெயருக்கெல்லாம் பெரிய ஐ. எக்ஸ் அழுத்தினால் அதுவரை செய்த திருத்தங்களைச் சேமித்து வெளியேறும், பி அழுத்தினால் எல்லாவற்றையும் கைவிட்டு வெளியேறும். பழைய பிரதி, அதே பெயரோடு .பிஏகே என்ற வால் சேர்ந்து பக்கத்திலேயே இருக்கும். சொதப்பினால் அதுதான் காப்பாற்றும்.

ஏ என்ற பொத்தானைப் பார்த்து அழுத்துங்கள். சொல்லை உங்கள் சொந்த அகராதியில் சேர்ப்பது அது. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் ஐ-க்குப் பதில் ஏ அழுத்தி, தப்பான சொல் ஒன்றைச் சேர்த்துவிட்டேன். அப்புறம் பல மாதம் அந்தப் பிழை எத்தனை முறை வந்தாலும் ஆஸ்பெல் வாயே திறக்கவில்லை. இதற்கு வழி இருக்கிறது. உங்கள் ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கி .பிடபிள்யூஎஸ் என்று முடியும் மறைகோப்பு ஒன்று இருக்கும், 'எல்எஸ் -ஏ' கொடுத்தால் தெரியும். அதுவும் வெறும் உரைக் கோப்புதான், வரிக்கு ஒரு சொல். தப்பானதை அழித்துச் சேமியுங்கள். முதல் வரியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

தமிழுக்கு? ஆஸ்பெல்-டிஏ என்ற அகராதி இருக்கிறது. அதையும் ஆப்ட் வழியாக நிறுவி, --லாங்=டிஏ என்று கொடுக்கலாம். ஆனால் பட்டியல் மிக நீளமாக வந்தால் பயப்படாதீர்கள். 'வீடு' அகராதியில் இருக்கும். வீட்டிலிருந்து, வீட்டிலிருந்துதான், வீட்டுக்காரர்களுக்கும் என்று நாம் ஒட்டிக்கொண்டே போவதை எந்தச் சொற்பட்டியலாலும் அடக்க முடியாது. இதே போல ஒட்டுகள் நிறைந்த ஹங்கேரிய மொழிக்காக லாஸ்லோ நேமெத் உருவாக்கியதுதான் ஹன்ஸ்பெல் என்ற இன்னொரு எழுத்துப்பிழைக் கருவி. சொற்களை ஒரு கோப்பிலும் ஒட்டு விதிகளை இன்னொன்றிலும் வைத்திருக்கும். லிப்ரெ ஆபிஸும் பயர்பாக்ஸும் பயன்படுத்துவது அதைத்தான்.

எந்த அகராதி போட்டாலும் 'நாளை பல்லிக்கு விடுமுறை' என்பதை இந்தக் கருவி பிடிக்காது. பல்லி நல்ல தமிழ்ச் சொல். மனம், மணம் குழப்பமும் அப்படித்தான், ஆங்கிலத்தில் ஃபார்ம் என்பதும் ஃப்ரம் என்பதும் எழுத்து இடம் மாறுவதும் அப்படித்தான். ஒற்று மிகும் இடம், மிகாத இடம் எல்லாம் கேட்கவே வேண்டாம்.

ஆனாலும் தமிழ்க் கோப்புகளுக்கு நான் லிஸ்ட்டை ஓட்டாமல் விடுவதில்லை. சார்ட் போட்ட பட்டியலில் அகராதிக்குத் தெரியாத சொற்கள் அகர வரிசையில் நிற்பதால், ஒரே சொல்லை நான் இரண்டு விதமாக எழுதியிருந்தால் அவை பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். போன வாரம் ஓட்டிப் பார்த்தபோது கம்ப்யூட்டர், கம்பியூட்டர், கம்யூட்டர் மூன்றும் அடுத்தடுத்து நின்றன. ஒரே கட்டுரையில்.