கன்னியாகுமரிய நடந்தே சுத்திப் பாக்கணும்னா இத படிச்சுட்டு வாங்க

நம்ம ஊருக்கு வர்ற முக்காவாசி பேரு வேன்ல வந்து இறங்கி, போட்ல விவேகானந்தர் பாறைக்குப் போயிட்டு வந்து, நாலு போட்டோ எடுத்துட்டு, ஒரு சங்கு மாலை வாங்கிட்டு, மத்தியானத்துக்குள்ள திருவனந்தபுரத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோ கிளம்பிடுறாங்க. அவங்க கன்னியாகுமரிய பாக்கவே இல்லன்னு தான் நான் சொல்லுவேன். இது சின்ன ஊரு, ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து கடல் வரைக்கும் ஒரு கிலோமீட்டர் சொச்சம் தான் இருக்கும், ஆட்டோவே தேவையில்ல. ஒரே ஒரு விஷயத்த மட்டும் மனசுல வெச்சுக்கிடுங்க, சூரியன் போற போக்குலயே நீங்களும் போகணும். காலைல கெழக்கு, வெயில் ஏறினதும் கோயிலு, சந்து, நிழலு, சாயங்காலம் மேக்கு. இந்த வரிசைய மாத்தினீங்கன்னா வெயில்ல வெந்து போயி "இந்த ஊர்ல என்ன இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க.

எப்போ வரலாம்னா, கார்த்திகை மார்கழில ஐயப்ப சாமிமாரு கூட்டம் ரோடு நெறஞ்சு இருக்கும், ரூம் வாடகையும் ஏறிடும், மே மாசம் ஸ்கூல் லீவு கூட்டம். தை பாதிக்கு மேல இருந்து மாசி வரைக்கும் வந்தா வானமும் தெளிவா இருக்கும், நடக்கவும் சுகமா இருக்கும். ஜூன்ல இருந்து தென்மேற்கு மழை, காத்து ஆளத் தள்ளும், கடல் ரொம்ப மோசமா இருக்கும், ஆனா அந்த காத்துக்காகவே அப்போ வர்ற ஆளுங்களும் உண்டு. பாறை மேல, கோயிலுக்குள்ள, மாதா கோவில்ல எல்லாம் செருப்ப கழட்டிப் போடணும், அதனால ஷூ வேண்டாம், கழட்டி மாட்ட ஈஸியா இருக்குற செருப்பே போதும். தொப்பி கட்டாயம்.

விடியக்காலைல அஞ்சரைக்கெல்லாம் ரூம விட்டு இறங்கிடுங்க. வருஷம் முழுக்க இங்க சூரியன் ஆறுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவுல தான் உதிக்குது, அதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வானம் நிறம் மாறுறத தான் பாக்கணும். எல்லாரும் திரிவேணி சங்கமத்து படித்துறைல போயி முட்டி மோதிகிட்டு நிப்பாங்க, நீங்க அங்க நிக்காதீங்க, கெழக்குக் கரையில வடக்கு பாத்து கொஞ்சம் தூரம் நடந்து போங்க. கூட்டமும் கொறையும், விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் ஒண்ணாத் தெரியும், அதுக்கிடையில வள்ளம், அதான் சின்ன மீன்பிடி படகு, ஒண்ணு ரெண்டு திரும்பி வர்றதயும் பாக்கலாம். சாயா விக்கிற அண்ணன்மாரு கேனோட அங்கயே சுத்திகிட்டு இருப்பாங்க, ஒரு டம்ளர் வாங்கி கையில வெச்சுகிட்டு பாருங்க.

பாறைக்குப் போற போட்ட எட்டு மணிக்குத் தான் எடுக்க ஆரம்பிப்பாங்க, பூம்புகார் கப்பல் கழகம் தான் ஓட்டுறது. சனி ஞாயிறுல வந்தீங்கன்னா ஏழரைக்கே லைன்ல நின்னுடுங்க, இல்லன்னா வெயில்ல ரெண்டு மணி நேரம் கூட நிக்க வேண்டி வரும். கடல் கொந்தளிப்பா இருந்தா போட்ட நிறுத்திடுவாங்க, அதுக்கு யார்கிட்டயும் சண்டை போடாதீங்க, உங்க உசிருக்காகத் தான் நிறுத்துறாங்க. விவேகானந்தர் 1892 டிசம்பர்ல உக்காந்து தியானம் பண்ணின பாறை இது, நினைவு மண்டபம் 1970ல திறந்தது. கீழ இருக்குற தியான மண்டபத்துல ஒரு பத்து நிமிஷமாவது சும்மா உக்காருங்க, போன வெளிய எடுக்காம. வள்ளுவர் சிலை 133 அடின்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பீடம் 38 அடி, அது அறத்துப்பாலோட 38 அதிகாரத்துக்கு, மேல சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேத்து 95 அதிகாரத்துக்கு, இத தெரிஞ்சுகிட்டு கீழ நின்னு அண்ணாந்து பாத்தா சிலைய செஞ்ச கணபதி ஸ்தபதியோட கணக்கு புரியும். 2000 ஜனவரி 1ல திறந்த சிலை, 2004 சுனாமிய அப்படியே நின்னு தாங்கினது. முன்னாடி எல்லாம் அலை ஜாஸ்தின்னா சிலைக்கு போட் விடமாட்டாங்க, பாறையில இருந்து பாத்துட்டு திரும்பிடணும். இப்போ 2024 கடைசில ரெண்டுக்கும் நடுவுல 77 மீட்டர் நீளத்துக்கு கண்ணாடிப் பாலம் போட்டுட்டாங்க, நடந்தே போயிடலாம். நடந்து சுத்துறவங்களுக்கு இது பெரிய வரம், காலுக்கு கீழ அலை அடிச்சு நுரைக்கிறது தெரியும், பயமா இருந்தா நடுவுல போகாம ஓரமா போங்க.

திரும்பி கரைக்கு வந்ததும் நேரா பகவதி அம்மன் கோயிலுக்குப் போயிடுங்க, மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அப்புறம் நாலு மணிக்குத் தான். ஆம்பளைங்க சட்டைய கழட்டித் தான் உள்ள போகணும். அம்மனோட மூக்குத்தி வெளிச்சத்த கலங்கரை விளக்கம்னு நெனச்சு கப்பல் பாறையில மோதிடும்னு தான் கெழக்கு வாசல சாத்தி வெச்சிருக்குன்னு எங்க பாட்டிமாரு சொல்லுவாங்க, வருஷத்துல சில விசேஷ நாள்ல மட்டும் தான் அந்த வாசல் திறக்கும்.

இப்போ வெயில் ஏறிடும். எல்லாரும் ரூமுக்குப் போயி படுக்குற நேரம் இது, நீங்க மாதா கோவில் பக்கம் நடங்க. அலங்கார உபகார மாதா கோவில், தூரத்துல இருந்தே வெள்ளையா கோபுரம் தெரியும், அத பாத்தே சந்து சந்தா போயிடலாம், யார்கிட்டயும் வழி கேக்க வேண்டாம், ஆனா கேளுங்க, கேட்டா தான் பேச்சு வரும். எனக்கு இந்த ஊர்லயே ரொம்ப பிடிச்ச இடம் இந்த சந்துங்க தான். வீட்டு வாசப்படில உக்காந்து வலை சரி பண்ணிகிட்டு இருப்பாங்க, கிட்ட போயி பாருங்க, கால் பெருவிரல்ல வலைய மாட்டி இழுத்து விறைப்பா பிடிச்சுகிட்டு, நூல் சுத்தின தட்டை ஊசிய ஒரு கண்ணுக்குள்ள விட்டு சுத்தி இழுத்து ஒரு முடிச்சு, அடுத்த கண்ணு, அடுத்த முடிச்சு, பேசிகிட்டே போடுவாங்க, கண்ணு வலைய பாக்கவே பாக்காது. மீன் கூறு வெச்சு விக்கிற அக்காமாரு "எந்த ஊரு மக்கா, சாளை வாங்கிட்டுப் போறியளா"ன்னு கேப்பாங்க, சாளைன்னா மத்தி மீன். ரூம்ல வெச்சு மீன என்ன பண்ணன்னு யோசிக்காம நின்னு ரெண்டு வார்த்தை பேசுங்க, இன்னிக்கு என்ன மீன் பட்டுதுன்னு கேளுங்க. அது அவங்க குடியிருக்குற இடம், டூரிஸ்ட் பாயிண்ட் கெடையாது, அதனால கேக்காம போட்டோ எடுக்காதீங்க, முக்கியமா குளிச்சு துணி துவைக்கிற பொம்பளைங்கள, பிள்ளைங்கள. கேட்டா பாதிப் பேரு சிரிச்சுகிட்டே நிப்பாங்க. டிசம்பர்ல வந்தீங்கன்னா மாதா திருவிழா இருக்கும், தேர் வர்ற ராத்திரி ஊரே தூங்காது.

சாப்பாட்டுக்கு கடல் பாத்த பெரிய ஹோட்டல் வேண்டாம். மெயின் ரோட்டுல இருந்து உள்ள தள்ளி இருக்குற சின்ன மெஸ்ஸுல மீன் சாப்பாடு கேளுங்க, தேங்கா அரைச்சு விட்ட மீன்கறி, பெருசு பெருசா சம்பா அரிசி சோறு, கூட நெத்திலி இல்லன்னா சாளை பொரிச்சது. மரச்சீனி கிழங்கு, அதான் மரவள்ளி, இருந்தா விடவே விடாதீங்க, அவிச்ச கிழங்குல மீன்கறி ஊத்தி சாப்பிடணும். சைவக்காரங்க ரசவடையும் ஏத்தம்பழ (நேந்திரம்பழ) பஜ்ஜியும் சாப்பிடலாம், பழக்கடைல மட்டிப்பழம் கேளுங்க, விரல் தண்டி தான் இருக்கும், ஆனா வாசனைக்கு அத அடிச்சுக்க ஆளில்ல, நாங்க கைக்குழந்தைக்கு முதல்ல குடுக்குற பழமே அது தான், புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. வெயில் காலத்துல ரோட்டோரம் அக்கானி கெடைக்கும், பதநீர தான் நாங்க அப்படி சொல்லுவோம். எலுமிச்சம்பழ ஜூஸ் வேணும்னா போஞ்சின்னு கேளுங்க.

கடற்கரையில கலர் கலரா மணல பாக்கெட்டுல போட்டு விப்பாங்க. அம்மன் கல்யாணம் நின்னு போனதால சமைக்காம கெடந்த அரிசியும் சாமானும் மணலா ஆயிடுச்சுன்னு கதை. கதைய கேட்டுட்டு, கரையில ஒரு கை மணல அள்ளி வெயில்ல விரிச்சுப் பாருங்க, கறுப்பா இருக்குறது இல்மனைட், அதுக்கு நடுவுல செவப்பா மின்னுறது கார்னெட், ரெண்டும் கனிமம், மணவாளக்குறிச்சியில இத பிரிச்சு எடுக்கவே அரசாங்க ஆலை இருக்கு.

இனி சொல்லப் போறத தயவு செஞ்சு கவனமா படிங்க. எங்க கடல் குளிக்கிற கடல் இல்ல. முக்கடலும் சேர்ற இடம், அடியில பாறை, பாறை மேல பாசி, அலை ஒரு பக்கத்துல இருந்து வராது. படித்துறைல தடுப்பு கட்டின இடத்துல மட்டும் நின்னு குளிங்க, செல்ஃபிக்காக பாறை மேல ஏறாதீங்க. இன்னொண்ணு கள்ளக்கடல். ஏப்ரல் மே மாசத்துல தான் அதிகமா வரும். எங்கயோ தெக்க, இந்தியப் பெருங்கடலோட கடைசில புயல் அடிச்சு கெளம்புற அலை, நாள் கணக்கா ஓடி வந்து எங்க கரையில ஏறும், இங்க பாத்தா காத்து இருக்காது, மேகம் இருக்காது, வெயில் பளீர்னு அடிக்கும், கடல் மட்டும் திடீர்னு பொங்கி கரைக்கு ஏறி இழுத்துட்டுப் போயிடும். 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் பீச்சுல பயிற்சி மருத்துவப் பிள்ளைங்க அஞ்சு பேரு இப்படித் தான் போயிட்டாங்க. ஒரு கல்யாணத்துக்கு வந்த பிள்ளைங்க. நெனச்சா இன்னைக்கும் மனசு ஆறல. அதனால காலைல நடக்க இறங்குறதுக்கு முன்னாடி செய்தியில கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கான்னு பாருங்க, கடலோரத்துல நிக்கிற மீனவர் ஒருத்தர்கிட்ட "அண்ணே, இன்னைக்கு கடல் எப்படி"ன்னு கேளுங்க, போலீஸ் போகாதீங்கன்னு சொன்னா திரும்பிடுங்க. வானத்த பாத்து நீங்களா முடிவு பண்ணாதீங்க.

நாலு மணிக்கு மேல மேக்கால நடக்க ஆரம்பிங்க. முதல்ல காந்தி மண்டபம், காந்தியோட அஸ்திய கடல்ல கரைக்கிறதுக்கு முன்னாடி ஜனங்க பாக்க வெச்சிருந்த இடத்துல 1956ல கட்டினது. அக்டோபர் 2 மத்தியானம் கூரையில இருக்குற துவாரம் வழியா வெயில் நேரா அந்த இடத்துல விழுற மாதிரி கட்டியிருக்காங்க. பக்கத்துலயே காமராஜர் மண்டபம். அங்க இருந்து கொஞ்சம் போனா சுனாமி நினைவுச் சின்னம், ஒரு கை அலைய தடுக்கும், இன்னொரு கை விளக்க அணையாம பிடிச்சிருக்கும். நெறைய பேரு அது என்னன்னே தெரியாம தாண்டிப் போறாங்க. எங்க மாவட்டத்துல குளச்சல், மணக்குடின்னு எத்தனையோ கரையில எத்தனையோ வீட்டுல ஆள் போன நாள் அது, மணக்குடி பாலமே பிஞ்சு அடிச்சுட்டுப் போச்சு. ஒரு நிமிஷம் நில்லுங்க அங்க.

அதுக்கு அப்புறம் கோவளம் ரோடு பிடிச்சு சன்செட் பாயிண்ட் வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர் கிட்ட நடை, இந்த கோவளம் நம்ம ஊர் கோவளம், கேரளாவுல இருக்குறது இல்ல, கூகுள் மேப்ல போடும்போது பாத்துப் போடுங்க. மார்கழி தையில சூரியன் தெக்கால சாஞ்சு இருக்குறதால கடலுக்குள்ளயே இறங்குறது நல்லாத் தெரியும், ஆனி ஆடியில வடக்கால நகர்ந்துடும், மேகமும் மறைச்சுடும், அப்போ அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம், காந்தி மண்டபத்து பக்கமே உக்காந்துடுங்க. சித்ரா பௌர்ணமி அன்னைக்கு ஒரு பக்கம் சூரியன் இறங்க இறங்க மறு பக்கம் நிலா ஏறும், அதுக்குன்னே ஜனங்க வந்து குவியும். திரும்புறதுக்கு இருட்டிடும், அந்த ரோட்டுல வெளிச்சம் எல்லா இடத்துலயும் இருக்காது, பிள்ளைங்க கூட இருந்தா பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சு வந்துடுங்க.

ரெண்டாவது நாள் இருந்தா வடக்கால சின்னமுட்டம் துறைமுகத்துக்கு நடந்து போங்க. விசைப்படகெல்லாம் விடியக்காலைல கெளம்பி ராத்திரி தான் திரும்பும், ராத்திரி ஏலம் பாக்கணும்னா அப்போ போகணும், காலைல நாட்டுப் படகு மீன் வரும். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, அன்னைக்கு பூசை நாள், யாரும் கடலுக்குப் போகமாட்டாங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில கட்டிக் கெடக்கும், பெயிண்ட் அடிக்கிறத தான் பாக்கலாம். அதே நேரம் குளச்சல் பக்கம் மேற்குக் கடல்ல தடை ஜூன் 1ல தான் ஆரம்பிச்சு ஜூலை 31 வரைக்கும் போகும், ஒரே மாவட்டத்துல ரெண்டு கணக்கு. கடலோரத்துல இருக்குற பழைய கோட்டையான வட்டக்கோட்டை அதுக்கும் மேல தூரம், நடக்க வேண்டாம், கன்னியாகுமரியில இருந்து டவுன் பஸ் இருக்கு, ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கோட்டை வரைக்கும் போகுமா இல்ல மெயின் ரோட்டுலயே இறக்கி விடுவாங்களான்னு கேட்டுக்கிடுங்க, திரும்பி வர்ற பஸ் நேரத்தயும் அப்பவே கேட்டு வெச்சுக்கிடுங்க.