ஏற்காட்டுத் தோட்டத்துக் கேமராவுக்கு வைல்ட்லைஃப் இன்சைட்ஸ் கணக்கு பெறும் முறை

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் கட்டிவைத்த தானியங்கிக் கேமரா, காட்டெருமை, காட்டுப்பன்றி, காற்றில் ஆடிய கிளை என எல்லாவற்றையும் படமெடுத்துக் குவித்துவிடும். அவற்றைப் பிரித்து இனம் காண உதவும் வைல்ட்லைஃப் இன்சைட்ஸ் என்னும் இணையதளத்தை, கூகுள், கன்சர்வேஷன் இன்டர்நேஷனல், ஸ்மித்சோனியன் உள்ளிட்ட அமைப்புகள் இணைந்து 2019-இல் தொடங்கின. இதில் படங்களைப் பதிவேற்றக் கணக்கு தேவை. பதிவு செய்த உடனே அது திறந்துவிடாது, தளத்தின் குழுவினர் விண்ணப்பத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

முதல் சிக்கல் பெயரிலேயே வரும். முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கேட்கப்படுவதால், தலைப்பெழுத்தை மட்டும் இட்டு நிறுத்தாமல், ஆவணங்களில் உள்ளபடி தந்தை பெயரை முழுமையாக எழுதுவது நல்லது. மின்னஞ்சலைப் பொறுத்தவரை, கல்லூரி முகவரி நம்பகமாகத் தோன்றினாலும், படிப்பு முடிந்ததும் அது முடக்கப்பட்டால் கணக்கும் கைவிட்டுப் போகக்கூடும் என்பதால், நெடுநாள் நீடிக்கும் சொந்த முகவரியையே நான் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே நடக்கும் ஆய்வுத் திட்டம் ஒன்றில் சேர்பவர், திட்டப் பொறுப்பாளரிடம் கொடுத்த அதே முகவரியில்தான் பதிய வேண்டும்.

கணக்கு எதற்கு என்பதை விளக்கும் பகுதியில்தான் பலர் அலட்சியம் காட்டுகின்றனர். ‘காட்டுயிர் மீது ஆர்வம்’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. மாறாக, ‘சேலம் மாவட்டம் ஏற்காட்டில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான காப்பித் தோட்டத்தில் நான்கு கேமராக்கள் வைத்துள்ளோம், இரவில் நீரோடைக்கு வரும் பாலூட்டிகளை மாதவாரியாகப் பதிவு செய்வதே நோக்கம்’ என்னும் பொருளில், எளிய ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினால், இடம், கேமரா, நோக்கம் மூன்றும் ஒருசேரத் தெரிந்துவிடும்.

சொந்த நிலத்துக்கு இது போதும். காப்புக்காடு என்றால் கதையே வேறு: தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி அனுமதியின்றி உள்ளே நுழைவதே குற்றம் என்பதால், வனத்துறையின் எழுத்துமூல அனுமதியைப் பெற்ற பிறகே கேமராவைக் கட்ட வேண்டும். தளம் தரும் ஒப்புதல் அந்த அனுமதிக்கு ஈடாகாது.

படிவத்தை அனுப்பியதும் வரும் சரிபார்ப்பு மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்த மறக்கக்கூடாது; இன்பாக்ஸில் இல்லையெனில் ஸ்பேம் பெட்டியில் தேடுக. ஒப்புதல் தாமதமானால் வேறொரு முகவரியில் மீண்டும் பதியாமல், உதவிக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதே முறை. ஒருவர் பெயரில் இரு விண்ணப்பங்கள் இருந்தால் குழப்பமே மிஞ்சும்.

காத்திருக்கும் நாட்களில், ஒவ்வொரு கேமராவின் அட்சரேகை, தீர்க்கரேகை, பொருத்திய நாள், கழற்றிய நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். திட்டம் தொடங்கியதும் முதலில் கேட்கப்படுபவை இவையே. கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுக. மிளகு பறிக்க வந்தவர்களின் படங்களும் நிச்சயம் இருக்கும். மனிதர்கள் உள்ள படங்களைத் தளம் பொதுவில் காட்டுவதில்லை என்றாலும், அவற்றைப் பதிவேற்றும் முன்பே நீக்கிவிடுவதும், கேமரா இருக்குமிடத்தைத் தொழிலாளர்களிடம் சொல்லிவைப்பதும் நம் பொறுப்பு.